நெல்லுக்குள் பூட்டிய இனிப்பு

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். மறுபக்கம், மனைகளாக மாறியதுபோக மிஞ்சிய நெல்வயல்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த ஏரி பெரும்பாலும் ஓர் எண்ணாகத்தான் அறிமுகம்: முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் அந்த எண் எவ்வளவுக்கு ஏறியிருக்கிறது என்று நாளிதழில் தேடுகிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கொஞ்சம் பயத்தோடும் தேடுகிறோம்.

ஜப்பானில் சாக்கே என்ற மதுவைச் செய்யும் ஒருவரை இந்தக் கரைக்கு அழைத்து வந்தால், அவர் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும். இந்தத் தண்ணீரில் இரும்பு எவ்வளவு? அந்த வயலில் விளையும் அரிசி வெந்து ஆறிய பிறகு இறுகுமா, குழையுமா? சாக்கே என்பது அரிசியும் தண்ணீரும் பூசணமும் ஈஸ்டும் சேர்ந்தது, அவ்வளவுதான். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். முதல் இரண்டும் இந்தக் கரையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. மூன்றாவது, நிலக்கடலை மூட்டையைக் கெடுக்கும் பூசணத்தின் நெருங்கிய உறவு. நான்காவது காற்றில், பழத்தோலில், நம் மாவுப் பாத்திரத்தில் என எங்கும் இருக்கிறது. பிறகு ஏன் நெல் விளையும் இந்த மண்ணில் சாக்கே மாதிரி ஒன்று இன்று இல்லை? ஒருகாலத்தில் இருந்ததா? இந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுவதற்கு முன் திராட்சையைப் பார்த்துவிட வேண்டும். மதுவின் வேதியியலில் எளிய பாடம் அதுதான்.

எந்த மதுவானாலும் அதன் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பதே முதல் கேள்வி. ஈஸ்டுக்குச் சர்க்கரை மட்டும்தான் தெரியும். 180 கிராம் குளுக்கோஸைக் கொடுத்தால், கணக்குப்படி 92 கிராம் எத்தில் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். நடைமுறையில் ஈஸ்ட் தன் உடல் வளர்க்கவும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். திராட்சையில் இந்தச் சர்க்கரை ஏற்கெனவே கரைந்து, தோலுக்குள் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பழத்தை நசுக்கினாலே போதும், வேலை தொடங்கிவிடும். 12, 13 சதவீத ஆல்கஹாலில் சர்க்கரை தீர்ந்துபோகும், ஒயின் ஆகிவிடும். தோலோடு ஊறவிட்டால் சிவப்பு. தோலின் நிறமும் துவர்ப்பும் இறங்கும். தோலை உடனே எடுத்துவிட்டால் வெள்ளை.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. இதற்குப் ‘பன்னீர்’ என்று பெயர் வைத்தவர் யாரானாலும் அவர் மூக்கு மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது. மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகளின் மணத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியால் போன்ற டெர்பீன்கள். லினலூல் கொத்தமல்லி விதையின் முதன்மை வாசனை. ஜெரானியால் ரோஜா எண்ணெயின் முக்கியக் கூறு. பன்னீர்ச் செம்பில் இருக்கும் அதே மூலக்கூறுதான் பழத்திலும் இருக்கிறது.

ஆனால் மணம் இருந்தால் மட்டும் நல்ல ஒயின் ஆகிவிடாது. புளிப்பும் வேண்டும். பிரான்சில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கும். கம்பத்தில் தூக்கமே இல்லை. கவாத்து செய்யச் செய்யக் காய்க்கும், ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். விவசாயிக்கு அது வரம். ஒயின் செய்பவருக்கு அதில் ஒரு சங்கடம்: பழம் தன் மாலிக் அமிலத்தைச் சுவாசத்துக்கு எரித்துக்கொள்கிறது. வெப்பம் கூடக் கூட எரிவதும் கூடும். இரவு குளிராக இருக்கும் ஊரில் புளிப்பு தங்கும், இரவும் வெக்கையாக இருக்கும் ஊரில் கரைந்துபோகும். புளிப்புக் குறைந்த ஒயின் வாயில் தட்டையாக நிற்கும், நீண்ட நாள் தாங்கவும் தாங்காது.

திராட்சை ஒயினின் சுவை நமக்குப் புதிதல்ல. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக் கடலிலிருந்து வந்த மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைச் சங்கப் புலவர்களும் பேசுகிறார்கள். அது வாங்கிய சரக்கு. வீட்டில் வடித்தது வேறு.

நம் ஊரில் ‘ஒயின் ஷாப்’ என்று பெயர் வாங்கிய கடைகளில் பெரும்பாலும் விற்றது ஒயின் அல்ல, பிராந்தி. வட இந்தியா விஸ்கியின் பக்கம் சாய்ந்தால் தென்னிந்தியா பிராந்தியின் பக்கம் சாய்கிறது. மெட்ராஸ் துறைமுகம் இதில் பழைய பங்காளி. மெக்டவல் என்ற பெயரில் மது இறக்குமதி வணிகம் 1826இல் தொடங்கியது இந்த ஊரில்தான்.

பிராந்தி என்ற சொல்லுக்கு டச்சு மொழியில் ‘சுட்ட ஒயின்’ என்று பொருள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், எத்தில் ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும். ஒயினைச் சூடேற்றினால் எழும் ஆவியில் ஆல்கஹாலின் பங்கு கூடுதலாக இருக்கும். அதைக் குளிரவைத்துப் பிடித்தால் பிராந்தி. ஊரில் வாலை வைத்து வடித்தவர்களுக்கும் இந்த இயற்பியல் தெரியும். பிரான்சின் கோனியாக் வட்டாரம் இதை ஒரு கலையாக்கியது. அவர்கள் எடுக்கும் ஒயின் குடிக்கச் சுமாரானது, புளிப்பு மிகுந்தது, ஆல்கஹால் குறைந்தது. அந்தப் புளிப்புதான் வடிக்கும் வரை ஒயினைக் கெடாமல் காக்கிறது. ஆல்கஹால் குறைவாக இருப்பதால் அதைச் செறிவாக்கும்போது மணமும் பல மடங்கு செறிகிறது. ஏறத்தாழ ஒன்பது லிட்டர் ஒயினிலிருந்து ஒரு லிட்டர். செப்புக் கலத்தில் இரண்டு முறை வடிப்பார்கள். செம்பு அங்கே வெறும் பாத்திரம் அல்ல, அழுகல் வாடை தரும் கந்தகச் சேர்மங்களை அது பிடித்து வைத்துக்கொள்கிறது.

வடித்து முடித்ததும் பிராந்திக்கு நிறம் கிடையாது. ஓக் பீப்பாய்க்குள் குறைந்தது இரண்டு ஆண்டு கிடந்தால்தான் கோனியாக் என்ற பெயர் கிடைக்கும். பொன்னிறம், வெனிலா மணம், மெல்லிய துவர்ப்பு மூன்றும் மரம் தருபவை. மரத்தின் லிக்னின் சிதைந்து வெனிலின் ஆகிறது. பீப்பாய் மூச்சும் விடுகிறது: ஆண்டுதோறும் இரண்டு, மூன்று சதவீதம் ஆவியாகிப் போகும். அங்கே அதற்குத் ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயர். நம் வெப்பத்தில் தேவதைகளுக்குப் பசி அதிகம். பெங்களூரில் விஸ்கிப் பீப்பாய்களிலிருந்தே ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை போய்விடுகிறது. சென்னைப் புறநகரில் ஒரு பீப்பாயைப் பத்து ஆண்டு வைத்திருந்து திறந்தால் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும்.

அதனால் மலிவாக விற்கும் நம் ஊர்ப் பிராந்தி இந்த வழியில் போவதில்லை. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து, அல்லது தானியத்திலிருந்து, உயரமான கோபுரங்களில் திரும்பத் திரும்ப வடித்து 96 சதவீதச் சாராயம் எடுக்கிறார்கள். அந்த அளவுக்கு வடித்தால் அது கரும்பா, சோளமா, திராட்சையா என்று யாராலும் மோந்து சொல்ல முடியாது. பிறகு தண்ணீர் விட்டு இறக்கி, நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரையும் வாசனையும் சேர்ப்பார்கள். நாட்டின் உணவுத் தர விதிகளே கலப்புப் பிராந்திக்குக் குறைந்தது இரண்டு சதவீதம் உண்மையான திராட்சைப் பிராந்தி இருந்தால் போதும் என்கின்றன. கோனியாக் குடிப்பவர் ஒரு பழத்தின், ஒரு மரத்தின் வரலாற்றைச் சுவைக்கிறார். கலப்புப் பிராந்தியில் அந்த வரலாறு வடித்து நீக்கப்பட்டிருக்கிறது.

பாட்டில் மேல் ஒட்டிய சீட்டில் இருக்கும் 42.8 என்ற எண்ணும் ஒரு வரலாற்று எச்சம். பழைய ஆங்கிலேயக் கணக்கில் 57.1 சதவீத ஆல்கஹாலுக்கு ‘100 டிகிரி புரூஃப்’. அந்தச் செறிவில் நனைத்த வெடிமருந்து தீப்பற்றும் என்பதுதான் பழைய சோதனை. நம்மூர் மது அதில் முக்கால் பங்கு, 75 டிகிரி. 57.1இல் முக்கால் போட்டால் 42.8. இந்த எண்ணை வைத்து இன்னொரு கணக்கும் போட வேண்டும். 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது, எடையில் 61 கிராம். பல நாடுகளில் ஒரு ‘வழக்கமான அளவு’ என்றால் 10 கிராம். அப்படியானால் ஒரு குவார்ட்டர் என்பது ஆறு பேருக்கான அளவு, ஒரே ஆள் அரைமணி நேரத்தில் கவிழ்ப்பது. கல்லீரல் அதை அசிட்டால்டிஹைடாக மாற்றித்தான் வெளியேற்ற வேண்டும். அந்த அசிட்டால்டிஹைடு மரபணுவைக் காயப்படுத்தும். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை மதுவை 1988லேயே முதல் வகைப் புற்றுக்காரணியாக வகைப்படுத்திவிட்டது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொன்றது எத்தில் ஆல்கஹால்கூட அல்ல. அதன் தம்பி மெத்தனால், தொழிற்சாலைக் கரைப்பான். சாராயத்தில் கலந்தால் நாக்குக்கும் மூக்குக்கும் வேறுபாடு தெரியாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பை முதலில் தாக்குகிறது. பார்வை மங்குகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அந்த வேதியியலைத்தான் சொன்னார்கள்.

இனி அரிசி.

திராட்சையைப் போல அரிசியை நசுக்கித் தண்ணீரில் போட்டால் மது வராது. சர்க்கரை இருக்கிறது, ஆனால் ஆயிரக்கணக்கில் கோத்து மாவுப்பொருளாகப் பூட்டிக் கிடக்கிறது. ஈஸ்டிடம் அந்தப் பூட்டுக்குச் சாவி இல்லை. சோற்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்றால் இனிக்கும் என்று குழந்தைகளுக்குத் தெரியும். நம் எச்சிலில் சாவி இருக்கிறது, அமைலேஸ் என்ற நொதி. பழைய சோறு இங்கே அருமையான பாடம். இரவில் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். காலையில் புளிக்கிறது, இனிப்பதில்லை, போதையும் இல்லை. பூட்டு பெரும்பாலும் உடையாததால் ஈஸ்டுக்குத் தீனி குறைவு. இருக்கும் கொஞ்சச் சர்க்கரையை லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு தின்றுவிடுகின்றன. இட்லி மாவிலும் முந்திக்கொள்வது அவைதான். நம் சமையலறை பல தலைமுறைகளாகப் பாக்டீரியாக்களின் பக்கம் நின்றது.

பூட்டைத் திறக்க மனிதர்கள் மூன்று வழி கண்டார்கள். மென்று துப்புவது ஒன்று. பண்டைய ஜப்பானிலும் தென் அமெரிக்க மலைகளிலும் இருந்தது. தானியத்தை முளைகட்டுவது இரண்டாவது. முளை வளரத் தன் மாவைத் தானே சர்க்கரையாக்கும், அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்லி பீரும் நாகாலாந்தின் ஜூத்தோவும் இந்த வழி. மூன்றாவது பூசணம். ஜார்க்கண்டின் ஹாண்டியாவுக்குப் போடும் ராணு உருண்டையிலும் இமயமலை மக்களின் மார்ச்சாவிலும் இருப்பது அதுதான். ஜப்பானின் கோஜியும் இதே வகை.

கோஜியின் பூசணத்துக்கு அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்று பெயர். அதன் காட்டுச் சகோதரன் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் ஈரமான நிலக்கடலையில் வளர்ந்து அஃப்ளடாக்சின் நஞ்சைச் சுரப்பது. நூற்றாண்டுகளாகச் சாக்கே பட்டறையில் வளர்க்கப்பட்ட ஒரைசே அந்த நஞ்சு செய்யும் திறனை இழந்து, மாவை உடைக்கும் நொதிகளை அள்ளித் தருவதில் தேர்ந்துவிட்டது. வீட்டு நாயாகிவிட்ட ஓநாய் போல. 2006இல் ஜப்பானின் மது நொதிப்பு ஆய்வுச் சங்கம் அதைத் தேசியப் பூசணம் என்றே அறிவித்தது.

அவித்த அரிசியில் பூசணத்தைத் தூவி, வெதுவெதுப்பான அறையில் இரண்டு நாள் புரட்டிப் புரட்டி வளர்ப்பார்கள். பிறகு அதையும் அவித்த அரிசியையும் தண்ணீரையும் ஒரே தொட்டியில் நான்கு நாட்களில் மூன்று தவணையாக, ஒவ்வொரு தவணையும் முந்தையதைவிடப் பெரிதாக, சேர்ப்பார்கள். பீர் செய்பவர் முதலில் மாவு முழுவதையும் சர்க்கரையாக்கி அதன் பிறகே ஈஸ்டைப் போடுவார். சாக்கே தொட்டியில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பூசண நொதி ஒரு பக்கம் பூட்டை உடைக்க உடைக்க, ஈஸ்ட் மறுபக்கம் தின்றுகொண்டே வருகிறது. சர்க்கரை தேங்குவதே இல்லை. பாகு கெட்டியாக இருந்தால் ஈஸ்ட் திணறும், அதனால்தான் தேனும் வெல்லப்பாகும் கெடுவதில்லை. இங்கே அந்தத் திணறல் இல்லாததால் 20 சதவீதம் வரை ஆல்கஹால் போகிறது. வடிக்காமல் நொதிக்கவைத்தே எட்டக்கூடிய அளவில் இது உச்சத்தை ஒட்டியது. அதில் தண்ணீர் விட்டு 15, 16 சதவீதத்துக்கு இறக்கி விற்கிறார்கள். இதை ‘அரிசி ஒயின்’ என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒயினில் மனிதர் செய்வது குறைவு, பழம் செய்வது அதிகம். சாக்கேயில் ஒவ்வொரு மணி நேரமும் ஒருவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அரிசியைத் தீட்டுவதில் அவர்கள் போகும் தூரம் நம்மைத் திகைக்க வைக்கும். நாம் சாப்பிடும் வெள்ளை அரிசி, உமியும் தவிடும் போய் நெல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக மிஞ்சியது; அரிசியாகப் பார்த்தால் பத்து சதவீதம்தான் தீட்டி எடுக்கிறோம். கின்ஜோ என்ற உயர்வகைச் சாக்கேவுக்கு நாற்பது சதவீதமும், தைகின்ஜோவுக்குப் பாதியும் தீட்டித் தள்ளுகிறார்கள். வெளிப்புற அடுக்கில் இருக்கும் புரதமும் கொழுப்பும் மணத்தை மழுக்கும். நடுவில் இருக்கும் வெண்மையான மாவு மட்டும் இருந்து, பத்து டிகிரி அளவில் மெதுவாக நொதித்தால், ஈஸ்ட் பழ மணங்களை உண்டாக்குகிறது: ஐசோஅமைல் அசிட்டேட் பழுத்த வாழைப்பழம் போல, எத்தில் கப்ரோயேட் ஆப்பிள் போல. பழமே இல்லாத இடத்தில் பழ வாசனை. அரிசியை வீணாக்குவதை மகாபாவமாகச் சொல்லி வளர்க்கப்பட்டவன் என்பதால், தீட்டிய மாவு வீணாகவில்லை, அரிசி பிஸ்கட்டுக்கும் தீவனத்துக்கும் போகிறது என்று படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

நம் பொன்னி இதற்கு ஒத்துவருமா? அதில் அமைலோஸ் என்ற நேர்ச்சங்கிலி மாவுப்பொருள் அதிகம். அதனால்தான் சோறு உதிரி உதிரியாக வருகிறது. ஆறியதும் அந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று அடுக்கி இறுகிவிடும், நொதிக்கு எளிதில் மசியாது. ஜப்பானிய அரிசியில் அமைலோஸ் குறைவு, ஆறினாலும் இளகியே இருக்கும். முடியாது என்பதல்ல; கடினம்.

தண்ணீரைப் பற்றி ஜப்பானில் சொல்லும் ஒரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். 1840இல் யாமாமுரா தாசாஎமோன் என்பவருக்கு உவோசாக்கியிலும் நிஷினோமியாவிலும் இரண்டு பட்டறைகள். நிஷினோமியா சாக்கே மட்டும் எப்போதும் மேலாக இருந்தது. அரிசியை மாற்றிப் பார்த்தார், ஆட்களை மாற்றிப் பார்த்தார், பலனில்லை. கடைசியில் நிஷினோமியா கிணற்றுத் தண்ணீரை உவோசாக்கிக்குக் கொண்டுபோனார். அங்கேயும் சுவை ஏறியது. ஒவ்வொன்றாக மாற்றி மற்றதை அப்படியே வைத்திருப்பது, ஆய்வகத்தில் இன்று நாம் செய்யும் அதே முறை. அந்தத் தண்ணீரில் ஈஸ்டுக்கு ஊட்டமான பாஸ்பரஸும் பொட்டாசியமும் நிறைய, இரும்பு மிக மிகக் குறைவு. கோஜிப் பூசணம் சுரக்கும் ஒரு சேர்மம் இரும்பைக் கண்டால் கவ்விப்பிடித்துச் செம்பழுப்பு நிறமாகும், சாக்கே நிறம் கெடும், சுவையும் கெடும். ஆகவே லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் இரும்புக்கு மேல் இருந்தால் தண்ணீரைத் தொடமாட்டார்கள். ஜப்பானில் குடிநீருக்கு அனுமதித்த அளவே 0.3 மில்லிகிராம், சாக்கே செய்பவர் கேட்பது அதில் பதினைந்தில் ஒரு பங்கு.

பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்து, மறுநாள் வாளியின் உள்ளே மஞ்சள் கறை படிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும். அந்தக் கறை, காற்றுப்பட்டுத் துருவான இரும்பு. ஏரித் தண்ணீர் வேறு; மழையும் கிருஷ்ணா நீரும் சேர்ந்த மேற்பரப்பு நீர். காற்றோட்டமுள்ள நீரில் இரும்பு துருவாகி அடியில் படிந்துவிடும். நாளுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் மிச்சத்தையும் படிகாரத்தோடு படியவைத்துவிடும். ஆனால் குழாயில் வருவதில் குளோரின் இருக்கும், ஈஸ்டுக்கும் பூசணத்துக்கும் அது ஆகாது. கரித்தூள் வழியாக வடிகட்டினால் தீரும். அந்த ஜப்பானியர் முகம் சுளிக்காமல் தலையசைப்பார் என்றே நினைக்கிறேன்.

ஒருகாலத்தில் இருந்ததா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. இருந்தது. ஏரியை ஒட்டிய நெடுஞ்சாலையில் மேற்கே போனால் காஞ்சிபுரம். அங்கிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. அதில் வலைஞர் குடியிருப்பைப் பாடும் இடத்தில் அரிசி மது செய்யும் முறை படிப்படியாக இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைக்கிறார்கள். அதில் ‘நல்லடை’யைக் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விட்டு, வலுவான வாயுள்ள சாடியில் முற்றவைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். சுட்ட மீனோடு விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள். ஆறவைப்பது அறிவியல்படி அத்தனை சரி. கொதிக்கும் களியில் போட்டால் நொதி வெந்து செத்துவிடும்.

நல்லடை என்பது என்ன? முளைகட்டிய நெல் என்று உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். அப்படியானால் இது இரண்டாவது வழி, பீரின் வழி, நாகாலாந்தின் வழி. நாற்று விடுவதற்காக விதைநெல்லைச் சாக்கில் முளைகட்டியவர்களுக்கு, வேர்கள் பின்னிக்கொண்டு நெல் ஒரே அடையாகக் கட்டியிருப்பது தெரியும். சொல் பொருந்துகிறது. ஆனால் புலவர் அதற்கு ஓர் உவமையும் தருகிறார்: பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் இருக்கும் குரும்பி போல என்கிறார். குரும்பி என்றால் புற்றாஞ்சோறு. கறையான் தழையை மென்று கட்டி, அதன் மேல் பூசணம் வளர்த்து உண்ணும் தோட்டம், வெண்புள்ளிகள் பூத்த கடற்பஞ்சு மாதிரி இருக்கும். வெதுவெதுப்பான ஈரத்தில் பின்னிக்கிடந்த நெல்லடையின் மேல் பூசணமும் பூத்திருந்தால், புற்றைத் தோண்டிப் பார்த்த ஒருவருக்கு அந்த உவமைதான் தோன்றும். அப்படியிருந்தால் வலைஞர் வீட்டில் முளையும் பூசணமும் சேர்ந்தே பூட்டைத் திறந்திருக்கும். இது என் ஊகம். ஆனால் சோதிக்கக்கூடிய ஊகம். முளையின் நொதி தின்ற மாவுமணி ஒரு விதமாகக் குழிந்திருக்கும், பூசணத்தோடு கிடந்தது அதன் இழைகளையும் வித்துகளையும் சுமந்திருக்கும். சீனத்தில் பல ஆயிரம் ஆண்டுப் பழமையான பானைகளின் உட்புறத்தைச் சுரண்டி, நுண்ணோக்கியில் இப்படித்தான் படிக்கிறார்கள். தொண்டை நாட்டு மண்ணில் கிடைக்கும் சாடி உடைசல்களைக் கழுவிச் சுத்தமாக்கி அடுக்குவதற்கு முன், அடிப்பாகத்து மண்ணை ஒரு சிட்டிகை சுரண்டி எடுத்து வைத்தால் போதும்.